அட்டைக்குப் பின்னால் கையெழுத்து

மணவாள நகரில் பென்னியை அறிந்தவர்கள் அவருடைய கையெழுத்தையும் அறிவார்கள். சாப்பாட்டு டப்பாவின் அடியில், குடைக் கைப்பிடியில், கம்பெனி கொடுத்த ஹெல்மெட்டின் உள்பக்கத்தில் அது இருக்கும். பெரிதாக ஒரு ‘பெ’ போட்டு, மீதி எழுத்துகளை ஒரே இழுப்பாக இழுத்து, கீழே இரண்டு கோடு. ஒருமுறை புதிதாக வாங்கிவந்த துடைப்பத்தின் கட்டையிலும் அதைக் கண்டுபிடித்த அவர் மனைவி சுகிர்தா, “நல்லவேளை, எம்மேல போடல” என்றாள். பென்னி சிரிக்கவில்லை. துடைப்பம் வாங்கிய அன்றே பக்கத்து வீட்டு வாசலில் அதே நிறத்தில் இன்னொன்று நிற்பதை அவர் பார்த்திருந்தார்.

இந்தச் சந்தேகம் பிறவியிலேயே வந்ததல்ல. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனி ஒன்றில் அவர் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறார். பெரிய அட்டைத் தாளைப் பெட்டி வடிவத்துக்கு வெட்டித் தள்ளும் மெஷின் அவருடையது. அங்கே ‘கைசன்’ என்று ஒரு வழக்கம் உண்டு. வேலையை எளிதாக்க யாருக்காவது ஒரு யோசனை தோன்றினால் மஞ்சள் சீட்டில் எழுதி, வருகை பதியும் டைம் ஆபீஸ் வாசலில் இருக்கும் பெட்டியில் போட வேண்டும். மாதம் ஒரு யோசனைக்குப் பரிசு. சேர்ந்த ஐந்தாவது வருடம் பென்னிக்கு ஒன்று தோன்றியது. வெட்டும் அச்சைக் கொஞ்சம் திருப்பி வைத்தால், பன்னிரண்டு பெட்டி வரும் தாளில் பதின்மூன்று வரும். சந்தோஷத்தில் அதை முதலில் சூப்பர்வைசர் அப்பாவுவிடம் சொன்னார்.

“உன் எழுத்து எவனுக்குடா புரியும்? நான் எழுதிப் போட்டுடறேன் உடு” என்றார் அப்பாவு.

அடுத்த மாதம் நோட்டீஸ் போர்டில் போட்டோ வந்தது. பெரிய முதலாளி கையால் பிரஷர் குக்கர் வாங்கிக்கொண்டு அப்பாவு நின்றார். பென்னி போய்க் கேட்டபோது அவர் கோபப்படவும் இல்லை, வெட்கப்படவும் இல்லை. “சொன்னது நீதான், யாரு இல்லன்னது? எழுதிப் போட்டது யாரு?” என்றார். அப்பாவு ஓய்வு பெற்றுப் போய்விட்டார். போட்டோ மட்டும் கண்ணாடிக்குள் இன்னும் அங்கேயே இருக்கிறது. கை ரேகை வைத்துவிட்டு உள்ளே போகும் ஒவ்வொரு நாளும் பென்னி அந்தக் குக்கரைத் தாண்டித்தான் போக வேண்டும்.

பென்னி ஒரு பலகை ஆட்டத்தை உருவாக்கியது இதற்கெல்லாம் வெகு காலம் கழித்து. கம்பெனி பஸ் மணவாள நகரில் கிளம்பி, திருவள்ளூர், பெரியபாளையம், ஆரணி, புதுவாயல் என்று ஆள் ஏற்றிக்கொண்டு சிப்காட்டுக்குப் போகும். ஜன்னலோரம் உட்கார்ந்து பென்னி தனக்குள் ஒரு கணக்குப் போடுவார். இந்த ஸ்டாப்பிங்கில் நிற்காமல் போனால் சைரனுக்கு முன்னால் சேரலாம், நின்றால் நாலு பேர் கூடுதலாக வருவார்கள், எது லாபம்? பல வருடம் மனதுக்குள் ஓடிய இந்தக் கணக்கு, ஒரு மழைக்கால விடுமுறையில் வேலைக்காகாத அட்டைத் துண்டுகளின் மேல் இறங்கியது. வரைபடம் போட்டார். சோடா மூடிகள் பஸ் ஆயின. காய்ந்த பட்டாணிகள் ஆட்கள் ஆயின. நடுவில் அறுபது சிறிய அட்டைகள் கவிழ்த்துப் பரப்பியிருக்கும். ஒவ்வொருவரும் தங்கள் முறை வரும்போது அதில் ஒன்றை எடுக்க வேண்டும். நாற்பத்தெட்டு அட்டைகளில் ஆள் ஏறுவார்கள். பன்னிரண்டில் ரயில்வே கேட் போட்டிருக்கும். கேட் வந்தால் பஸ் ஒரு சுற்று சும்மா நிற்க வேண்டும். சைரன் ஊதுவதற்குள் யார் அதிகம் பேரைக் கம்பெனியில் சேர்க்கிறாரோ அவருக்கு வெற்றி.

பென்னியும் சுகிர்தாவும் அதைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு ஆடினார்கள். “நல்லாத்தான் கீது” என்றாள் சுகிர்தா. ஒவ்வொரு முறையும் அதையே சொன்னாள்.

சுகிர்தா இருக்கும் சர்ச் பெண்கள் வாட்ஸப் குழுவுக்கு ஒருநாள் ஒரு செய்தி சுற்றிவந்தது. வேப்பம்பட்டு ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு டியூஷன் சென்டர் மாடியில், ஞாயிற்றுக்கிழமை காலை, சொந்தமாகப் பலகை விளையாட்டு உருவாக்குகிறவர்கள் கூடுகிறார்கள், யாரும் வரலாம், கட்டணம் இல்லை. கூட்டத்தை நடத்தும் ஈஸ்வரி என்பவர் கணக்கு டீச்சர். மறு மாதம் சென்னையில் நடக்கும் ஒரு கண்காட்சிக்கு நாலு புது ஆட்டங்களை எடுத்துப் போகப்போகிறார். அச்சுப் போட்டு விற்கிறவர்கள் அங்கே வருவார்களாம்.

“ஓசில கூப்புடறாங்கன்னா இன்னா அர்த்தம்?” என்றார் பென்னி.

“ஓசின்னு அர்த்தம்” என்றாள் சுகிர்தா.

ஆனாலும் அவர் போனார். அச்சுப் போட்ட ஒரு பெட்டியின் மேல் தன் பெயர் இருப்பதாக அவர் ஏற்கெனவே நூறு தடவை நினைத்துப் பார்த்திருந்தார். நோட்டீஸ் போர்டில் வராமல் போனது அதில் வரும். திருவள்ளூரில் மின்சார ரயில் ஏறினால் மூன்றாவது ஸ்டேஷன். ஆட்டத்தை அரிசிப் பைக்குள் வைத்துக் கட்டி எடுத்துப்போய், மாடியில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, பையைக் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டார்.

ஈஸ்வரிக்கு முப்பது வயது இருக்கும். நேராக அவரிடம் வந்தார்.

“பையில இருக்கறது ஆட்டமாண்ணா?”

“இல்ல மேடம். அரிசி.”

“அரிசி இவ்ளோ சதுரமா இருக்காதே.”

பென்னி பையைப் பார்த்தார். பிறகு ஈஸ்வரியைப் பார்த்தார். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் போய்விட்டார். அதுவே பென்னிக்கு உறுத்தியது. ஆசை இல்லாதவர்கள் ஏன் அரிசியின் சதுரத்தைக் கவனிக்க வேண்டும்?

அன்று ஈஸ்வரி மற்றவர்களிடம் சொன்னதையெல்லாம் பென்னி காது கொடுத்துக் கேட்டார். ஆட்டத்தின் விதிகளை வாயால் சொல்லாதீர்கள், நீங்கள் பக்கத்தில் இல்லாமலே ஆடுகிற மாதிரி எழுதி வையுங்கள் என்றார் ஈஸ்வரி. நான் பக்கத்தில் இல்லாமல் இவர்களுக்கு என்ன வேலை என்று பென்னி நினைத்தார். மற்றவர்கள் ஆடும்போது நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது, அவர்கள் எங்கே முழிக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள் என்றார். அடுத்தவர் கையில் விட்டுவிட்டுச் சும்மா இருந்துதான் ஒரு குக்கர் போனது. ஆரம்பத்தில் அழகாக வரையாதீர்கள், அழகாக இருந்தால் கிழித்துப்போட மனசு வராது என்றார். வீட்டுக்காரர்கள் நன்றாக இருக்கிறது என்று சொன்னால் நம்பாதீர்கள் என்றார். இதை மட்டும் பென்னி ஏற்றுக்கொண்டார்.

பின்வரிசையிலிருந்து ஒருவர், “யாராச்சும் சுட்டுட்டா?” என்று கேட்டார். பென்னி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஈஸ்வரி சிரித்தார். “என் முதல் ஆட்டத்தை ஆட வைக்க எங்கம்மாவைக் கெஞ்சினேன். குக்கர் மூணு விசில் விட்டுச்சுனு பாதியில எழுந்து போனவங்க திரும்பி வரவே இல்ல. உங்க ஆட்டத்துக்கு முன்னாடி ஒருத்தரை ஒக்கார வெக்கறதே பெரும்பாடு. திருடறதுக்குனு தனியா ஆள் எங்க இருந்து வருவாங்க?”

எல்லோரும் சிரித்தார்கள். திருடுகிறவர் வேறு என்ன சொல்வார் என்று பென்னி எண்ணிக்கொண்டார். அதிலும் குக்கரைப் பற்றி ஏன் பேச வேண்டும்?

அன்று பையின் கட்டை அவிழ்க்கவே இல்லை. ஆனால் போகும்போது ஈஸ்வரி வாசலில் நிறுத்தி, “அடுத்த ஞாயிறு அரிசியைக் கொண்டுவாங்க. ஆடிப் பார்க்கறோம். நல்லா இருந்தா அதுக்கு அடுத்த வாரம் என்கிட்ட விட்டுட்டுப் போகணும். நீங்க இல்லாம அது தனியா நிக்குதான்னு பார்த்துட்டுத்தான் சென்னைக்கு எடுத்துக்கிட்டுப் போவேன்” என்றார். பலகையின் படம் ஒன்று அனுப்பச் சொன்னார். புதன்கிழமை பென்னி படம் எடுத்து அனுப்பினார். பாதிப் பலகையில் அவருடைய உள்ளங்கை இருந்தது.

அந்த வாரம் அவர் அட்டைகளுக்குப் பாதுகாப்பு செய்தார். அறுபது அட்டைகளின் பின்பக்கத்திலும் கையெழுத்துப் போடுவது என்று முடிவு செய்தார். யார் எடுத்துப் போனாலும், எந்தக் கோர்ட்டில் வைத்தாலும், இது பென்னியுடையது என்று அட்டையே சொல்லும். நாற்பத்தெட்டை வீட்டில் ஸ்டூல் மேல் வைத்து ஒவ்வொன்றாகப் போட்டார். கேட் அட்டை பன்னிரண்டும் கடைசியாக வெட்டியவை. அவற்றுக்கு வீட்டில் நேரம் கிடைக்காமல் கம்பெனி பஸ்ஸிலேயே மடியில் வைத்துப் போட்டு முடித்தார்.

சுகிர்தா மணவாள நகரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறாள். விதிகளைக் கடைக் கம்ப்யூட்டரில் தட்டித் தரட்டுமா என்று கேட்டாள்.

“வாணாம். கம்ப்யூட்டர்ல ஒரு காப்பி நின்னுடும்.”

“கடை ஓனருக்குப் பத்திரத்தையும் ஆதார் கார்டையும் ஜெராக்ஸ் எடுக்கவே நேரம் பத்தல. உங்க பஸ்ஸ வெச்சி இன்னா பண்ணப் போறாரு?”

“அது எனுக்கு எப்பிடித் தெரியும்?” என்றார் பென்னி. சுகிர்தா கையாலேயே எழுதிக் கொடுத்தாள்.

இரண்டாவது ஞாயிறு மேசைக்கு மூன்று பேர் உட்கார்ந்தார்கள். ஈஸ்வரி, மொபைல் கடையில் வேலை பார்க்கும் விமல், திருவள்ளூரில் ஒரு வங்கிக் கவுண்டரில் இருக்கும் நர்மதா. பென்னிக்குச் சுவரோரம் ஒரு நாற்காலி. வாயைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு அவர் உட்கார்ந்து நர்மதாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விமல் முதல் அட்டையிலேயே கேட்டில் நின்றான். ஈஸ்வரி இரண்டு தடவை நின்றார். நர்மதாவின் சோடா மூடி மட்டும் பெரியபாளையத்தில் ஆள் ஏற்றி, ஆரணியில் ஆள் ஏற்றி, பட்டாணி நிரம்பி வழிய கம்பெனிக்குள் போனது. முதல் ஆட்டம் தற்செயல் என்று பென்னி நினைத்தார். இரண்டாவது ஆட்டத்தில் நர்மதா எடுக்கும்முன் அட்டைகளின் மேல் கையை மெதுவாக நகர்த்திக்கொண்டு போவதையும், ஓரிடத்தில் நிறுத்தி டக்கென்று எடுப்பதையும் கவனித்தார். கேட் வரவே இல்லை. மூன்றாவது ஆட்டத்தில் பாதிக்கு மேல் பென்னிக்கு உட்கார முடியவில்லை. பாதிப் பலகையின் படம் ஈஸ்வரியிடம் இருக்கிறது. போன ஞாயிறு பையை நாற்காலியடியில் வைத்துவிட்டுப் பென்னி ஒருமுறை தண்ணீர் குடிக்க எழுந்து போயிருக்கிறார். எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்தது.

எழுந்து வந்து இரண்டு கையாலும் அட்டைகளை வாரினார்.

“போதும் மேடம். இவங்க இத முன்னாடியே ஆடிகிறாங்க.”

“யாரு, நானா?” என்றாள் நர்மதா.

“ஒரு தபா கூட கேட்டு வரலயே. எப்பிடி? எவன் சொல்லிக் குடுத்தது? மொத வாரமே நெனச்சேன் நான்.”

பக்கத்து மேசையில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நர்மதா கோபப்படுவாள் என்று விமல் எதிர்பார்த்தான் போல, நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டான். அவளோ பென்னியின் கையிலிருந்து இரண்டு அட்டைகளை உருவி, பின்பக்கம் மேலே தெரிய மேசையில் பக்கம் பக்கமாக வைத்தாள்.

“எவனும் சொல்லல சார். நீங்கதான் சொன்னீங்க. இது நிதானமா ஒக்காந்து போட்ட கையெழுத்து. இது கை ஆடிக்கினே போட்டது. வால் எப்பிடி நடுங்குது பாருங்க, கீழ ரெண்டாவது கோடு கோணிக்கினு போவுது. நாள் முழுக்க செக்குல கையெழுத்து ஒத்துப் பாக்கறதுதான் எனக்குப் பொழப்பு. நடுங்கினா கேட்டு. இது செக்கா இருந்தா திருப்பி அனுப்பிச்சிருப்பேன்.”

பென்னி நடுங்கிய ஓர் அட்டையைத் திருப்பினார். கேட். இன்னொன்று. கேட். மூன்றாவதைத் திருப்பவில்லை.

“யக்கா, மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல? ஒம்போது தபா நின்னேன் கேட்ல. பேஜாராப் போச்சு” என்றான் விமல்.

“ஜெயிச்சிக்கினு இருக்கறவ எதுக்குடா சொல்லணும்?”

விமல் சிரித்துவிட்டான். ஈஸ்வரியும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “பின்பக்கம் ஒண்ணுமே இருக்கக் கூடாதுண்ணா. ஒரு புள்ளி இருந்தாக்கூட ஆட்டம் போச்சு” என்றார்.

“அப்ப என்னுதுன்னு எப்பிடித் தெரியும்?”

“விதித் தாள்ல மேல உங்க பேரு இருக்கு. கீழ தேதி போடுங்க. அது போதும்.”

ஒரு தாளைக் கிழிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று பென்னி நினைத்தார். ஆனால் நர்மதாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் குனிந்து பட்டாணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்ததால் அதைச் சொல்லவில்லை. ஒரு பட்டாணி நர்மதாவின் செருப்புக்குப் பக்கத்தில் கிடந்தது. அவளே எடுத்துக் கொடுத்தாள்.

அவர் பையைக் கட்டும்போது ஈஸ்வரி பக்கத்தில் வந்தார். “கையெழுத்து சின்ன விஷயம். வேற அட்டை வெட்டிக்கலாம். கேட்ல நின்னா சும்மா ஒரு சுத்து ஒக்காந்திருக்கறது இருக்கே, அதுதான் பெரிய கோளாறு. விமல் பாதி நேரம் செல்போனப் பார்த்தான். கவனிச்சீங்களா?”

பென்னி கவனிக்கவில்லை. அவர் நர்மதாவின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்க கம்பெனி பஸ்ல வர்றவங்க யாராச்சும் இத ஆடியிருக்காங்களா?”

“இல்ல மேடம்.”

“ஏன்?”

“அங்க ஆளுங்க சரியில்ல.”

“நாங்க மூணு பேரும் அந்த பஸ்ல போனதே இல்ல. போனவங்க ஆடிட்டு வந்தாத்தான் அடுத்த ஞாயிறு இத வாங்கிப்பேன். இல்லன்னா வேணாம்ணா. நாலாவது எடத்துக்கு இன்னொருத்தர் கேட்டுக்கிட்டு இருக்கார்.”

மிரட்டுகிறார் என்று ரயிலில் திரும்பும்போது பென்னிக்குப் பட்டது. செவ்வாப்பேட்டை தாண்டும்போது, மிரட்டலாகவே இருந்தாலும் வேறு வழியில்லை என்றும் பட்டது.

கம்பெனியில் யாரிடம் காட்டுவது? இரண்டு நாள் யோசித்தார். கடைசியில் குப்புராஜைத் தேர்ந்தெடுத்தார். குப்புராஜ் பெட்டி ஒட்டும் மெஷினில் இருப்பவர், ஐம்பதை நெருங்குகிறவர், எதிலும் ஆர்வம் இல்லாதவர். கைசன் பெட்டியில் வெற்றிலை பாக்குத் தாளைப் போட்டதற்காக ஒருமுறை மெமோ வாங்கியவர். இப்படிப்பட்ட ஆள் எதையும் திருட மாட்டான் என்பது பென்னியின் கணக்கு. தவிர, குப்புராஜ் கம்பெனியின் வேறொரு பஸ்ஸில் வருகிறவர். அவருடைய ஊர் கவரைப்பேட்டைக்குக் கிழக்கே, ரயில் லைனுக்கு அந்தப் பக்கம். அந்த பஸ் தாமதமாக வரும்போதெல்லாம் அதிலிருந்து இறங்குகிறவர்கள், “கேட் போட்டுட்டான்” என்று சொல்லிக்கொண்டே இறங்குவார்கள். பென்னியின் வழியில் கேட் கிடையாது. பத்தொன்பது வருடமாக அவர் அந்தக் கேட்டைக் கேள்விதான் பட்டிருக்கிறார். பாதி நாள் அது பொய் என்றும் நினைத்திருக்கிறார்.

வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் கேன்டீன் மூலை மேசையில், கையெழுத்தில்லாத புது அட்டைகளோடு இருவரும் ஆடினார்கள். குப்புராஜ் ஒரு கையால் சோற்றைப் பிசைந்துகொண்டு இன்னொரு கையால் அட்டை எடுத்தார். மூன்றாவது அட்டை எடுத்தபோது கேட் வந்தது.

“சரி, நீ ஒரு சுத்து நில்லு” என்றார் பென்னி.

“எதுக்கு நிக்கணும்?”

“கேட்டு போட்டுக்கிறான்ல?”

“பஸ்ஸுக்குத்தான கேட்டு. ஆளுக்கு இன்னா?” குப்புராஜ் சோற்றுக் கையை நீட்டி, தன் மூடியிலிருந்த பட்டாணிகளைக் காட்டினார். “கேட்டு போட்டா எவனாச்சும் உள்ள ஒக்காந்துக்கினு இருப்பானா? ஒரு ரயிலு போறவரிக்கும் நிப்பான், அப்பவும் கேட்ட தொறக்கலன்னா சைடுல எறங்கி நடந்து அந்தாண்ட போயி, அங்க நிக்கற வேற கம்பெனி பஸ்ஸ கைகாட்டி ஏறிக்குவான். அந்த டிரைவருக்கு நாளிக்கி ஒரு டீ. தெனிக்கும் நடக்கறது இது. இன்னா ஆட்டம் பண்ணிக்கிற நீ, ஒண்ணும் தெரியாம?”

குப்புராஜ் தன் நாலு பட்டாணியைப் பென்னியின் மூடிக்குள் போட்டார். “இந்தா, ஏத்திக்கோ. எடம் குடுத்ததுக்கு உனுக்கு அடுத்த தபா ஒரு கட்டம் சேத்து. இப்ப ஆடு.”

ஆடினார்கள். அடுத்த கேட் பென்னிக்கு வந்தது. “என் ஆளுங்கள ஏத்திக்கோ” என்றார். “எடம் இல்ல போ” என்றார் குப்புராஜ், இரண்டு சீட் காலியாக வைத்துக்கொண்டே. பென்னி கெஞ்சினார். குப்புராஜ் பேரம் பேசினார். சாப்பாடு முடித்த நாலைந்து பேர் வந்து சுற்றி நின்று ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொண்டு கத்தினார்கள். சாப்பாட்டு நேரம் முடிந்து மணி அடித்தபோது யாருக்கும் கேட்கவில்லை. இத்தனை பேர் பார்த்துவிட்டார்களே என்பதே பென்னிக்கு மெஷினுக்குத் திரும்பிய பிறகுதான் உறைத்தது.

சனிக்கிழமை அவர் புது விதியைச் சொல்லச் சொல்ல, சுகிர்தா நல்ல தாளில் எழுதினாள். கேட் விழுந்தால் பஸ் நிற்கும், ஆட்கள் நடக்கலாம், இடம் கொடுக்கிற பஸ்ஸுக்கு ஒரு கட்டம் கூடுதல். எழுதிவிட்டுப் பேனாவை வைத்தாள்.

“இது ரொம்ப நல்லாக் கீதுங்க” என்றாள். இதுவரை ‘ரொம்ப’ என்று சொன்னதில்லை. “எப்பிடித் தோணிச்சி?”

“கம்பெனில ஆடினோம். குப்புராஜு சொன்னான்.”

“அப்ப அவரு பேரு எங்க?”

“எதுக்கு அவன் பேரு? ஆட்டமே என்னுது. மேப்பு என்னுது, அட்டை என்னுது. அவன் சோறு துன்னுகினே ஒரு வார்த்தை சொன்னான். சொன்னது அவன்தான், நான் இல்லன்னா சொல்றேன்? ஒக்காந்து எழுதினது...”

அங்கே நின்றுவிட்டார். சுகிர்தாவுக்குக் குக்கர் கதை மனப்பாடம். கல்யாணமான முதல் வாரத்திலிருந்து கேட்டிருக்கிறாள், அப்பாவுவின் குரலோடு சேர்த்து. தாளின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டு, அடுத்து என்ன எழுத வேண்டும் என்று காத்திருப்பதைப் போல உட்கார்ந்திருந்தாள்.

பென்னி எழுந்து போய் முகம் கழுவினார். வெளியே போய் வண்டியைத் துடைத்தார். அதன் மட்கார்டில் இருந்த கையெழுத்து கொஞ்சம் அழிந்திருந்தது, அதைத் திரும்பப் போட வேண்டும் என்று அன்று தோன்றவில்லை. அப்பாவுவும் இப்படித்தான் ஒரு மாலை எழுந்து போய் முகம் கழுவியிருப்பாரா, அல்லது கழுவாமலே தூங்கியிருப்பாரா? அந்த ஆளைப் பற்றி அப்படி ஒரு கேள்வி அவருக்கு இதுவரை வந்ததே இல்லை. உள்ளே வந்தார்.

“எழுது. கேட் விதி, குப்புராஜ்.”

“அவ்ளோதானா?”

“ஊரு பேரும் போடு. கம்பெனில ரெண்டு குப்புராஜு கீறானுங்க. இன்னொருத்தன் என்னுதுன்னுட்டு வந்து நிப்பான்.”

ஞாயிற்றுக்கிழமை ஈஸ்வரி அட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். அறுபதின் பின்பக்கமும் வெறும் பழுப்பு. நர்மதாவும் வந்து மூக்குக்கு நேராக வைத்துப் பார்த்து, “ஒண்ணும் கண்டுபிடிக்க முடியல. மோசம் பண்ணிட்டீங்க சார்” என்றாள். பென்னி அவளிடம் மன்னிப்புக் கேட்க ரயிலில் ஒரு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தார். அது வரவில்லை. அதற்குப் பதில், “உங்க கண்ணு நல்லாருக்கும்மா” என்றார். அவள் புரிந்துகொண்டாள் என்று எடுத்துக்கொண்டார்.

பெட்டியைக் கொடுக்கும் நேரம் வந்ததும் கை விடவில்லை. ஈஸ்வரி ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமும் பெட்டியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார்கள்.

“வாங்கிக்கினேன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுத்துடுங்க மேடம். தப்பா நெனச்சிக்காதீங்க.”

ஈஸ்வரி எழுதினார். பென்னி படித்தார். “அறுபது அட்டைன்னு போடுங்க. பட்டாணி எவ்ளோன்னு கூட.” ஈஸ்வரி பட்டாணியை எண்ணிப் போட்டார். அதன்பிறகுதான் பென்னி பெட்டியை விட்டார். திரும்பும் ரயிலில் காலி அரிசிப் பையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, அந்தச் சீட்டை இரண்டு தடவை எடுத்துப் பார்த்தார்.

திங்கட்கிழமை கேன்டீனில் குப்புராஜின் எதிரில் போய் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். சந்தோஷப்படுவார் என்று நினைத்திருந்தார்.

குப்புராஜ் பிசைவதை நிறுத்தினார். “எம் பேரா? எதுக்கு?”

“நீ சொன்ன ரூலு. அதான் உம் பேர போட்டேன்.”

“யாரக் கேட்டு போட்ட? லைன்ல எறங்கி நடக்கறது தப்புன்னு எவனாச்சும் கேஸு போட்டா, இவன்தான் சொன்னான்னு என்னிய மாட்டி உடறதுக்கா?”

“யோவ், வெளாட்டுய்யா அது.”

“ஊரு பேரு வேற போட்டுக்கிறன்ற. கையெழுத்து போட்டனா நான்? தாளக் காட்டு மொதல்ல.”

“தாளு வேப்பம்பட்டுல கீது. ஒரு டீச்சரம்மா கையில.”

“எந்த டீச்சரம்மா? அவங்களுக்கு எதுக்கு எம் பேரு?” குப்புராஜ் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “உண்மையச் சொல்லு பென்னி. இதுல உனுக்கு இன்னா வருது?”

பென்னி வாயைத் திறந்தார். திருடுவதற்கெல்லாம் யாரும் வர மாட்டார்கள், ஆடுவதற்கே ஆள் கிடைக்காது என்று சொல்ல வந்தார். அதைக் கேட்டால் குப்புராஜின் முகம் எப்படி மாறும் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்ததால் சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்து ஈஸ்வரி எழுதிக் கொடுத்த சீட்டை எடுத்து மேசையில் வைத்தார். குப்புராஜ் கையைத் துடைத்துக்கொண்டு, எழுத்துக்கூட்டிப் படிப்பதைப் போல மெதுவாகப் படித்தார். முன்பக்கம் முடிந்ததும் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

“இதுல எம் பேரு இல்லியே.”

“அது வேற தாளுன்னு சொன்னனே.”

“வர்ற ஞாயித்துக்கெழம நானும் வரேன். எம் பேரு எங்க கீது, இன்னான்னு எழுதிக்கிதுன்னு எங்கண்ணால பாக்கணும். அந்த ஆட்டத்த ஒளுங்கா ஆடறாங்களா, இல்ல எம் பேர வெச்சி வேற ஏதாச்சும் பண்றாங்களான்னும் பாக்கணும்.”

“பாரு. யாரு வாணான்னது?” என்றார் பென்னி. “எட்டு மணிக்கெல்லாம் புதுவாயல்ல திருவள்ளூர் பஸ்ஸ புடி. ஸ்டேஷன்ல நிக்கறேன்.”

“கேட்டு போட்டுட்டான்னா?”

“எறங்கி நட” என்றார் பென்னி.